உருண்டையல்லாத அணு: உப்பீனி மூலக்கூறுகளுக்கிடையே நிலவும் விசைகளின் வரலாறு



தனிம அட்டவணையின் பதினேழாம் தொகுதியில் ஓர் அரிய காட்சியைக் காண்கிறோம். அறை வெப்பநிலையில் ஃப்ளோரினும் குளோரினும் வளிமங்கள். புரோமின் செந்நிறத் திரவம். அயோடின் கருமையாய் மின்னும் திண்மம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை மூன்று நிலைகளிலும் நிற்கின்றன. இவை அனைத்தும் இரண்டிரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறுகளே. அவ்வாறாயின் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

பாடநூல் தரும் விடை நாம் அறிந்ததே. ஃப்ளோரின் மூலக்கூற்றில் 18 எலக்ட்ரான்கள், குளோரினில் 34, புரோமினில் 70, அயோடினில் 106. எலக்ட்ரான்கள் மிகுந்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசையும் மிகும். ஆகவே குளோரின் −34 பாகை செல்சியசில் கொதிக்கிறது. புரோமின் 59 பாகையில் கொதிக்கிறது. அயோடினோ உருகுவதற்கே 114 பாகை வேண்டும். இந்த விடை சரியானது. எனினும் அது 'எவ்வளவு' என்ற வினாவுக்கு மட்டுமே விடை. 'எந்தத் திசையில்' என்ற வினாவை அது தொடவில்லை. அந்த இரண்டாம் வினாவுக்கு விடை காண அறிவியலுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பெயரும் பிறப்பும்

முதலில் பெயரைப் பற்றிச் சில சொற்கள். 1774ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஷீல குளோரினைத் தயாரித்தார். அது ஒரு தனிமமே என்று 1810ஆம் ஆண்டில் இலண்டனில் ஹம்ஃப்ரி டேவி நிறுவினார். உலோகத்துடன் கூடி உப்பை உண்டாக்கும் இயல்பு கருதி, 1811ஆம் ஆண்டில் ஷ்வைகர் என்னும் ஜெர்மானியர் 'ஹாலஜன்' என்ற சொல்லைக் குளோரினுக்கென முன்மொழிந்தார். பின்னர் அச்சொல் குடும்பப் பெயராயிற்று. உப்பை ஈனுவது என்னும் பொருளில் தமிழ் அதனை 'உப்பீனி' என்று அழைக்கிறது. பொருள் விளங்க அமைந்த நல்ல கலைச்சொற்களுள் இதுவும் ஒன்று. அதே 1811ஆம் ஆண்டில் கடற்பாசிச் சாம்பலிலிருந்து கூர்த்துவா அயோடினைக் கண்டார். 1826ஆம் ஆண்டில் உப்பளத்து நீரிலிருந்து பலார் புரோமினைப் பிரித்தார். ஃப்ளோரின் மட்டும் 1886ஆம் ஆண்டு வரை யாருக்கும் வசப்படவில்லை. மொய்சான் அதனைப் பிரித்தெடுத்து, 1906ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார்.

நம் வரலாறு தொடங்குவது 1823ஆம் ஆண்டில், இலண்டன் ராயல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். டேவியின் உதவியாளராக இருந்த மைக்கேல் ஃபாரடே, நீருடன் கூடி உறைந்த குளோரின் படிகங்களைக் கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்து, வாயை உருக்கி மூடிச் சூடேற்றினார். குழாயினுள் எண்ணெய் போன்ற துளிகள் தோன்றின. அவ்வழியே வந்த பாரிஸ் என்னும் மருத்துவர், அழுக்கான குழாயில் ஆய்வு செய்கிறீரே என்று கேலி செய்தார். மறுநாள் ஃபாரடேயிடமிருந்து அவருக்கு ஒரு குறிப்பு வந்தது: அந்த எண்ணெய், திரவக் குளோரின்.

வளிமம் தன் அழுத்தத்தாலேயே நெருக்குண்டு திரவமாகிறது என்றால், அதன் மூலக்கூறுகளுக்கிடையே ஏதோ ஓர் ஈர்ப்பு இருந்தாக வேண்டும். அது என்ன என்று சொல்ல ஃபாரடேயின் காலத்தில் எவராலும் இயலவில்லை.

ஈர்ப்புக்கு ஒரு கணக்கு

1873ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழகத்தில் வான் டெர் வால்ஸ் தம் ஆய்வேட்டை அளித்தார். மூலக்கூறுகளுக்குப் பருமன் உண்டு. அவற்றுக்கிடையே ஈர்ப்பும் உண்டு. இவ்விரண்டையும் கணக்கில் கொண்டால் வளிமம் திரவமாவதை ஒரே சமன்பாட்டால் விளக்கலாம் என்று காட்டினார். ஆயினும் ஈர்ப்பின் ஊற்று எது என்பது அவருக்கும் தெரியாது.

1930ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் லண்டன் அதற்கு விடை கண்டார். மின்சுமை ஏதுமற்ற மூலக்கூற்றிலும் எலக்ட்ரான் முகில் ஓயாது அசைகிறது. அந்த அசைவால் ஒரு கணம் தோன்றும் மின்னேற்றத் தாழ்வு, அண்டை மூலக்கூற்றிலும் அதற்கிசைந்த தாழ்வை எழுப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இந்த ஈர்ப்பாற்றல் தொலைவின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் ஆற்றல் அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். எலக்ட்ரான்கள் மிகுந்து, முகில் எளிதில் நெகிழக்கூடிய அயோடினில் இவ்விசை வலியது; ஃப்ளோரினில் மெலியது. பாடநூல் விடை பிறந்த இடம் இதுவே.

இதற்குச் சற்று முன்பு, 1924ஆம் ஆண்டில், பின்னர் லென்னார்ட்-ஜோன்ஸ் என்று அறியப்பட்ட ஆங்கிலேயர், ஈர்ப்பையும் விலக்கத்தையும் ஒரே வாய்பாட்டில் எழுதும் முறையைத் தந்தார். நாளடைவில் அவ்வாய்பாடு ஈர்ப்புக்கு ஆறாம் அடுக்கு, விலக்கத்துக்குப் பன்னிரண்டாம் அடுக்கு என்ற வடிவில் நிலைத்தது. ஆறு என்பதற்கு லண்டனின் கோட்பாடு துணை நிற்கிறது. பன்னிரண்டுக்கு அத்தகைய ஆழ்ந்த காரணம் இல்லை; ஆறின் இரு மடங்காதலால் கணக்கிடுவதற்கு எளிது, அவ்வளவே.

இவ்வாய்பாட்டுக்குள் சொல்லாமலே அமர்ந்திருந்த கருத்து ஒன்று உண்டு. அதில் தொலைவு உண்டு, திசை இல்லை. அதாவது, அணு எப்பக்கம் நோக்கினும் ஒரே தன்மையுடைய உருண்டை என்பதே அதன் எடுகோள். ஆர்கான் போன்ற மந்த வளிமங்களுக்கு அது முற்றும் பொருந்தியது. உப்பீனிக்கும் பொருந்துமா என்பதைச் சொல்லவேண்டிய சாட்சி, படிகம்.

படிகம் சொன்ன சாட்சி

எக்ஸ்-கதிரைக் கொண்டு படிகத்துள் அணுக்கள் அமர்ந்திருக்கும் இடங்களைக் காணும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்தது. 1928ஆம் ஆண்டில் ஹாரிஸ், மாக், பிளேக் ஆகியோர் அயோடின் படிகத்தின் அமைப்பைக் கண்டறிந்தனர். 1936ஆம் ஆண்டில் வானகட்டும் வாரனும் உறைந்த புரோமினின் அமைப்பை வெளியிட்டனர். இரண்டும் ஒரே வகையாக இருந்தன: மூலக்கூறுகள் அடுக்கடுக்காகப் படுத்திருந்தன, ஒவ்வோர் அடுக்கிலும் அவை மீன்முள் வரிசைபோல் மாறிமாறிச் சாய்ந்து, ஒன்றன் முனை மற்றொன்றன் விலாப்புறத்தை நோக்கி அமைந்திருந்தன.

அதே 1936ஆம் ஆண்டில் லைடனில் கீசமும் டகோனிசும் உறைந்த குளோரினை ஆராய்ந்து, அதற்கு வேறோர் அமைப்பைக் கூறினர். கீசம் சாதாரண ஆய்வாளர் அல்லர். ஹீலியத்தை முதன்முதலில் உறையவைத்தவர் அவரே. அவருடைய முடிவு பதினாறு ஆண்டுகள் நிலைத்தது. குளோரின் தன் உடன்பிறப்புகளினின்று வேறுபட்டது என்றே கொள்ளப்பட்டது. 1952ஆம் ஆண்டில் காலின் என்பவர் மீண்டும் ஆராய்ந்து, குளோரினும் புரோமின், அயோடின் ஆகியவற்றின் அமைப்பையே உடையது என்று காட்டினார். அதன் பின்னரே மூன்றுக்கும் பொதுவான ஒரு காரணத்தைத் தேட வேண்டும் என்பது தெளிவாயிற்று. கோட்பாட்டைச் சோதிக்கும் அளவீடும் சோதனைக்கு உரியதே என்பதற்கு இது தக்க சான்று.

இப்போது எண்களைப் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கை ஆங்ஸ்ட்ராம் என்பர். உறைந்த குளோரினில் ஒரு மூலக்கூற்றின் இரண்டு அணுக்களுக்கிடையே உள்ள தொலைவு 1.98 ஆங்ஸ்ட்ராம். அதே அடுக்கில் அண்டை மூலக்கூற்றின் மிக நெருங்கிய அணு 3.32 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் உள்ளது. அடுத்த அடுக்கிலுள்ள அணுவோ 3.74 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கிறது. புரோமினுக்கு இவ்வெண்கள் முறையே 2.27, 3.31, 3.99. அயோடினுக்கு 2.72, 3.50, 4.27.

இரண்டு செய்திகள் இங்கே கண்ணில் படுகின்றன. புரோமின் அணு குளோரின் அணுவைவிடப் பெரியது. ஆயினும் அடுக்குக்குள் புரோமின் மூலக்கூறுகள் குளோரின் மூலக்கூறுகள் அளவுக்கே நெருங்கி நிற்கின்றன. இரண்டாவது, அயோடினின் நெருக்கம். அயோடின் அணுக்கள் உருண்டைகளாயின், ஒன்றையொன்று தொட்டு நிற்கும்போது அவற்றின் மையங்கள் ஏறத்தாழ 4 ஆங்ஸ்ட்ராம் விலகியிருக்க வேண்டும். அடுக்குகளுக்கிடையே அதற்கு ஒத்த இடைவெளியே உள்ளது. அடுக்குக்குள்ளோ அரை ஆங்ஸ்ட்ராம் குறைகிறது. ஒரு திசையில் உருண்டை பெரிது, மற்றொரு திசையில் சிறிது. ஒரே அணுவுக்கு எவ்வாறு இரண்டு ஆரங்கள் இருக்கக்கூடும்?

பிணைப்பா, விசையா?

சிலர் இவ்வாறு விடை கூறினர்: அடுக்குக்குள் இருப்பது வெறும் மூலக்கூறிடை விசையன்று, மெல்லிய வேதிப் பிணைப்பே தோன்றத் தொடங்கியுள்ளது. இதற்கு ஆதாரம் இல்லாமற் போகவில்லை. வளிம நிலையில் அயோடின் மூலக்கூற்றின் நீளம் 2.67 ஆங்ஸ்ட்ராம், திண்மத்தில் அது 2.72 ஆக நீள்கிறது. அண்டை மூலக்கூறு நெருங்க, உள்ளிருக்கும் பிணைப்புச் சற்றுத் தளர்கிறது.

உப்பீனி மூலக்கூறு பிறவற்றுடன் கூடும் இயல்பும் பழைய செய்திதான். 1863ஆம் ஆண்டிலேயே ஃபிரெடெரிக் கத்ரி அம்மோனியாவும் அயோடினும் கூடிய சேர்மத்தை விவரித்தார். இத்தகைய கூட்டில் ஒரு மூலக்கூறு மற்றொன்றுக்குச் சிறிதளவு எலக்ட்ரான் மின்னேற்றத்தை ஈகிறது என்ற கோட்பாட்டை 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மல்லிக்கன் வகுத்தார். 1954ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஆட் ஹாசலும் அவருடைய உடனாய்வாளரும் புரோமினும் டையாக்சேனும் சேர்ந்த படிகத்தை ஆராய்ந்தனர். அங்கே ஆக்சிஜன் அணுவும் புரோமின் மூலக்கூறும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில், 2.71 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நின்றன. ஆக்சிஜன் அணுகியது புரோமினின் முனையைத்தான், விலாப்புறத்தை அன்று. திசை என்ற ஒன்று உண்டு என்பதை மறுக்க இனி இயலாது.

கணினி நுழைந்தது

இதே காலத்தில் வேறொரு வழியும் திறந்தது. 1957ஆம் ஆண்டில் ஆல்டரும் வெயின்ரைட்டும் உருண்டைகளின் இயக்கத்தைக் கணினியில் கணக்கிட்டனர். 1964ஆம் ஆண்டில், ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த அனீசுர் ரஹ்மான், 864 ஆர்கான் அணுக்களை லென்னார்ட்-ஜோன்ஸ் வாய்பாட்டின்படி கணினிக்குள் இயங்கவிட்டு, திரவ ஆர்கானின் இயல்புகளைப் பெற்றார். மூலக்கூறு இயக்கவியல் என்று இன்று வழங்கும் துறைக்கு அது அடித்தளம்.

ஆர்கானுக்கு ஓர் உருண்டை போதும் என்றால், குளோரினுக்கு இரண்டு உருண்டைகளை ஒட்டவைத்தால் போதாதா? 1977ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சிங்கர், டெய்லர், சிங்கர் ஆகிய மூவர் அவ்வாறே செய்தனர். ஒவ்வோர் அணுவின் இடத்திலும் ஒரு லென்னார்ட்-ஜோன்ஸ் மையத்தை வைத்து, திரவ ஃப்ளோரின், குளோரின், புரோமின் ஆகியவற்றைக் கணக்கிட்டனர். திரவத்தின் ஆற்றலும் அழுத்தமும் நன்றாகவே பொருந்தி வந்தன. எளிய மாதிரி வென்றது என்றே தோன்றியது.

படிகமோ அதற்கு இணங்கவில்லை. இரண்டணு மூலக்கூறுத் திண்மங்களை 1974ஆம் ஆண்டிலேயே இங்கிலிஷ், வெனபிள்ஸ் என்னும் இருவர் விரிவாக ஆராய்ந்திருந்தனர். உருண்டை மையங்களை மட்டும் கொண்டு குளோரினின் அடுக்கமைப்பை நிலைநிறுத்த முடியவில்லை. மூலக்கூற்றின் இரு முனைகளில் சிறிது நேர்மின் தன்மையும் இடையில் எதிர்மின் தன்மையும் உண்டு. இதனை நான்முனைவு என்பர். அதனை மூலக்கூற்றின் நடுவில் சேர்த்துப் பார்த்தாலும் பயனில்லை. நைட்ரஜனும் கரியமில வாயுவும் உறைந்து ஏற்கும் கனசதுர ஒழுங்கையே அது விரும்பியது.

திரவத்தில் பொருந்திய மாதிரி திண்மத்தில் ஏன் தவறியது? காரணம் எளிது. திரவத்தில் மூலக்கூறுகள் ஓயாது சுழல்கின்றன; ஆற்றலையும் அழுத்தத்தையும் அளக்கும்போது எல்லாத் திசைகளின் சராசரியே நமக்குக் கிடைக்கிறது. சராசரியில் மாதிரியின் குறை மறைந்துவிடுகிறது. திண்மத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தன் திசையில் நிலைத்து நிற்கிறது. அங்கே மறைவிடம் இல்லை.

உருண்டை கைவிடப்பட்டது

1981ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆன்டனி ஸ்டோன், மின்னேற்றப் பரவலை மூலக்கூற்றின் நடுவில் குவிக்காமல் ஒவ்வோர் அணுவிலும் பகிர்ந்து விவரிக்கும் முறையை வெளியிட்டார். மறு ஆண்டில் அவரும் சாரா பிரைசும் குளோரின் படிகத்தை எடுத்துக்கொண்டனர். அவர்கள் எழுப்பிய வினா நேரானது: படிகம் காட்டுவது மூலக்கூறுகளுக்கிடையே தோன்றும் பிணைப்பையா, அல்லது பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணைகளின் விளைவையா?

குளோரின் அணுவின் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள். ஒன்று தன் துணையணுவுடன் பிணைப்புக்குச் செல்கிறது. மற்ற ஆறும் மூன்று இணைகளாக நிற்கின்றன. அவை அணுவின் இடுப்பைச் சூழ்ந்து ஒரு பட்டைபோல் தடித்திருக்கின்றன. பிணைப்பின் நேர் எதிர்ப்புறத்தில், அதாவது மூலக்கூற்றின் முனையில், எலக்ட்ரான் முகில் மெலிந்திருக்கிறது. ஆகவே அணுவின் வடிவம் பந்து அன்று. மேலே சற்றுத் தட்டையாகி இடையில் பருத்த பறங்கிக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். முனைப்புறம் ஆரம் குறைவு. விலாப்புறம் ஆரம் மிகுதி. முனையில் நேர்மின் சாயல். விலாவில் எதிர்மின் சாயல்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டால் மீன்முள் வரிசை தானே புலப்படுகிறது. ஒரு மூலக்கூற்றின் தட்டையான நேர்மின் முனை, அடுத்த மூலக்கூற்றின் எதிர்மின் விலாவை நாடிச் செல்கிறது. தட்டையாக இருப்பதால் மிக நெருங்கவும் முடிகிறது. அடுக்குகளுக்கிடையிலோ பருத்த பக்கங்கள் எதிரெதிரே நிற்பதால் இடைவெளி பெரிது. குளோரினைப் பொறுத்தவரை, புதியதொரு பிணைப்பைக் கற்பிக்காமலே அடுக்கமைப்பை விளக்க முடிந்தது.

1985ஆம் ஆண்டில் நைபர்க்கும் ஃபேர்மனும், உப்பீனி அணுக்கள் கார்பனோடு இணைந்த பல படிகங்களின் அளவுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். குளோரின், புரோமின், அயோடின் அணுக்கள் முனையில் தட்டையாக இருப்பதை அங்கும் கண்டனர். அடுத்துச் செய்யவேண்டியது ஒன்றே எஞ்சியது: இந்தப் புதிய மாதிரியும் ஒரு நிலையில் மட்டும் பொருந்தி நம்மை ஏமாற்றுகிறதா என்று பார்ப்பது. 1987, 1988ஆம் ஆண்டுகளில் ரோட்ஜர், ஸ்டோன், டில்டெஸ்லி ஆகியோர் திசைச் சார்புடைய விசை மாதிரியைக் கொண்டு குளோரினை வளிமம், திரவம், திண்மம் ஆகிய மூன்று நிலைகளிலும் சோதித்தனர். திரவத்தின் உள்ளமைப்பை நியூட்ரான் சிதறல் அளவீட்டுடன் ஒப்பிட்டபோது, அங்கும் அணுவின் வடிவம் தன் தடத்தைப் பதித்திருந்தது. ஒரே மாதிரி மூன்று நிலைகளுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற அளவுகோலே இம்முயற்சியின் பெருமை.

சொல்லும் பொருளும்

இந்த அறிவு குளோரின் குடுவையோடு நின்றுவிடவில்லை. 2007ஆம் ஆண்டில் கிளார்க், பொலிட்சர் முதலியோர், உப்பீனி அணுவின் முனையில் உள்ள நேர்மின் பகுதிக்குச் 'சிக்மா துளை' என்று பெயரிட்டனர். 2013ஆம் ஆண்டில் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 'உப்பீனிப் பிணைப்பு' என்பதற்கு முறையான வரையறை வகுத்தது. மருந்துகள் பலவற்றில் குளோரினும் புரோமினும் உண்டு. நம் உடலின் தைராக்சின் என்னும் இயக்குநீரில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. புரதத்தில் மருந்து எவ்வாறு பொருந்தும் என்று கணினியில் காணும்போது, உப்பீனியை எதிர்மின் உருண்டையாகக் கொண்டால், அது ஆக்சிஜனை நெருங்காது விலகும் என்றே கணக்குச் சொல்லும். உண்மையில் அது முனையால் நெருங்குகிறது. ஆகவே 2012ஆம் ஆண்டில் ஜோர்கென்சனும் அவருடைய உடனாய்வாளரும், மருந்தாய்வில் பயன்படும் தம் விசை மாதிரியில் உப்பீனி அணுவின் முனைக்கருகே ஒரு சிறு நேர்மின்னேற்றத்தைச் சேர்த்தனர். குளோரின் படிகம் கற்பித்த பாடம் மருந்தகம் வரை வந்து சேர்ந்தது.

மொழியில் ஆர்வமுடையோர்க்கு இங்கே ஒரு நுட்பம் உண்டு. இதனைப் 'பிணைப்பு' என்பதா, 'விசை' என்பதா? குளோரினில் அடுக்குக்குள் இருக்கும் தொலைவு, பிணைப்பு நீளத்தைப்போல் 1.68 மடங்கு. புரோமினில் 1.46 மடங்கு. அயோடினில் 1.29 மடங்கே. மேலிருந்து கீழே வரவர, 'உள்ளே' என்பதும் 'வெளியே' என்பதும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அயோடினை மேலும் அழுத்தினால், ஏறத்தாழ இரண்டு இலட்சம் வளிமண்டல அழுத்தத்தில் மூலக்கூறு என்ற பிரிவே மறைந்த உலோகமாகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980ஆம் ஆண்டில் இதனை உறுதி செய்தனர். இரண்டு சொற்களுக்கிடையே நாம் கோடு கிழிக்கிறோம். இயற்கையோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாகச் செல்கிறது. கலைச்சொல் வகுப்போர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

நிறைவாக ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பறையில் பந்தும் குச்சியும் கொண்ட மூலக்கூறு மாதிரிகளைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அவை கொதிநிலையின் ஏற்றத்தைத் தெளிவாக விளக்குகின்றன. ஆனால் அந்தப் பந்தைக் கையில் எடுக்கும்போதே, அது எங்கு வரை உண்மை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அயோடின் ஏன் அடுக்காகப் படுத்திருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்டால், "எலக்ட்ரான்கள் மிகுதி" என்ற பழைய விடையை மீண்டும் சொல்லி அவரை அமர்த்திவிடாதீர்கள். அவர் கேட்பது வேறு வினா. குளோரின் படிகம் ஆய்வாளர்களிடம் அரை நூற்றாண்டாகக் கேட்டு நின்றதும் அதே வினாதான்.